கேப்டன் லட்சுமியும் ரப்பர் தோட்டத்துச் சிப்பாய்களும்

"கேப்டன் லட்சுமி உண்மையாகவே யுத்தகளத்தில் நின்று துப்பாக்கி சுட்டாரா? இல்லை, உடுப்புப் போட்டு அணிவகுத்து நின்றதோடு சரியா?"

பெருங்குடியில் நடந்த ஒரு தொழிலாளர் கூட்டத்தின் முடிவில் இளந்தோழர் ஒருவர் இந்தக் கேள்வியைப் போட்டார். குதர்க்கத்துக்காகக் கேட்டதல்ல அது. அம்மையார் மறைந்தது 2012-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி. ஆண்டுதோறும் அந்த நாள் வந்தால் படத்தை எடுத்துத் துடைத்து மாலை போடுகிறோம். எப்போதும் ஒரே படம்தான். காக்கி உடுப்பு, தலையில் தொப்பி, பக்கத்தில் நேதாஜி. அந்த ஒரு படத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இப்படி ஒரு சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுவோம். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படை, போர்முனையில் எதிரியோடு நேருக்கு நேர் நின்று சண்டையிடவில்லை. அந்தப் பெண்கள் காலாட்படைப் பயிற்சி பெற்றார்கள். ரைபிள் பிடிக்கவும், துப்பாக்கி முனைக் கத்தி செருகிப் பாயவும், மெஷின் துப்பாக்கி இயக்கவும் கற்றார்கள். மூட்டையைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். மலாயாவிலிருந்து பர்மா வரை போனார்கள். 1944-ல் இம்பால் படையெடுப்பு தோற்று, பசியிலும் காய்ச்சலிலும் குற்றுயிராய்த் திரும்பி வந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். தலைக்கு மேல் விமானங்கள் குண்டு போட்டன. பின்வாங்கும் வழியில் ரயில் தாக்கப்பட்டு அவர்களில் இருவர் உயிர் துறந்தார்கள். ஆனால் முன்னணிப் படையாக அவர்கள் களத்தில் இறக்கப்படவில்லை. இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. இல்லாத சண்டையை இட்டுக்கட்டுவது சினிமாக்காரர்களுக்கு வேண்டுமானால் தேவைப்படலாம்.

பதில் இத்துடன் முடிந்ததா? இல்லை. பட்டாளத்தில் ஒருவன் சுட்ட தோட்டாவை மட்டும் எண்ணி அவன் சேவையை அளந்தால், அவன் ஏன் துப்பாக்கியைத் தூக்கினான், யாருக்கு எதிராகத் தூக்கினான், கீழே வைத்த பிறகு என்ன செய்தான் என்பதெல்லாம் கணக்கில் வராமல் போய்விடும். கேப்டன் லட்சுமி உடுப்பணிந்து இருந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அதன் பிறகு உயிரோடிருந்தது அறுபத்தாறு ஆண்டுக்கு மேல். நமது ஆட்களும் சரி, எதிராளிகளும் சரி, அந்த இரண்டு ஆண்டையே பிடித்துக் கொண்டிருக்கிறோம். இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்தில் அம்மையாருக்குப் பின்னால் வரிசையாய் நிற்கிற பெண்கள் யார்? அவர்களுடைய பெயர் என்ன? எந்த ஊர்? இதை ஒருவரும் கேட்பதில்லை. அங்கிருந்து தொடங்குவோம்.

அவர்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள், மலாயா ரப்பர் தோட்டத்துக் கூலிகள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆர்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் பயந்து கப்பல் ஏறியவர்களின் மக்கள். நாகப்பட்டினத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் ஏற்றி விடப்பட்டவர்களை அங்கே கங்காணி எண்ணி வாங்கிக்கொண்டான். விடியும் முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். பால் வெட்ட வேண்டும், சுமக்க வேண்டும். தங்குவதற்கு லயத்தில் ஒரு அறை. ஆண் கூலியைவிடப் பெண் கூலி குறைவு. சீனத் தொழிலாளியைவிடத் தமிழ்த் தொழிலாளிக்குக் குறைவு. சாயங்காலமானால் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. கொடுத்த கூலியில் ஒரு பங்கு இரவுக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த ஜனங்கள் நேதாஜி வந்து மந்திரம் போட்டுத்தான் விழித்துக்கொண்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். இது சரியல்ல. நேதாஜி சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1941-ல், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தோழர்கள் அந்தக் கோரிக்கைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். எங்கள் பெண்களிடம் துரைமாரும் அவர்களுடைய அடிவருடிகளும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிற வழக்கம் ஒழிய வேண்டும். காந்தி குல்லா போடத் தடை கூடாது.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரு கூலிக்காரன் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது நமது கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைச் சர்க்கார் என்ன செய்தது? பட்டாளத்தை இறக்கியது. சுட வந்த பட்டாளம் எது? இந்தியச் சிப்பாய்களின் பட்டாளம்! துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர்கள் மாண்டார்கள். தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். பாட்டாளியைச் சுடப் பாட்டாளியின் பிள்ளையையே அனுப்புவதுதான் ஏகாதிபத்தியத்தின் பழைய வித்தை.

இது நடந்து இரண்டே ஆண்டு. அதே லயத்துப் பெண்களின் கையில் துப்பாக்கி. எவளைக் கண்டு துரைக்குக் கேவலமாகத் தோன்றியதோ, அவள் ரைபிளைத் தோளில் சாத்திக்கொண்டு ரோட்டின் நடுவில் நடந்து போகிறாள். கம்பெனிக்கு அவள் கூலிப் புத்தகத்தில் ஒரு எண். பட்டாளத்தில் அவளுக்குப் பெயர் உண்டு, வரிசையில் இடம் உண்டு. ஜாதியும் மதமும் பாராமல் ஒரே சமையலில் சாப்பாடு. இந்த மாற்றத்தை யுத்தகளத்தில் சுட்ட தோட்டாவை எண்ணி அளக்க முடியுமா?

படைக்கு ஆள் திரட்டிக் கொண்டுவந்த கேப்டன் லட்சுமி யார்? ஏழை வீட்டில் பிறந்தவர் அல்ல. 1914-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் சுவாமிநாதன், ஹைகோர்ட்டில் பேர்பெற்ற வக்கீல். தாயார் அம்மு சுவாமிநாதன், பாலக்காட்டுப் பக்கத்து ஆனக்கரைத் தரவாட்டைச் சேர்ந்தவர். நமது பெருங்குடியிலிருந்து கூப்பிடு தூரத்திலிருக்கும் அடையாற்றில் 1917-ல் இந்திய மாதர் சங்கம் ஆரம்பமானபோது முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952-ல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். ஆக, வசதியும் படிப்பும் அரசியலும் நிறைந்த வீடு.

அந்த வீட்டுப் பெண் சிறுமியாக இருந்தபோது மலையாளத்தில் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டைச் சுற்றிய காட்டுப் பக்கத்திலிருந்து குரல்கள் கேட்கும். அவர்கள் நிழல் பட்டாலே தீட்டு என்று பாட்டி சொல்லியிருக்கிறார். ஒரு நாள் சிறுமி லட்சுமி நேராகப் போனாள். அங்கே நின்ற ஒரு பழங்குடிப் பெண்ணின் கையைப் பிடித்து விளையாட அழைத்து வந்துவிட்டாள். பாட்டிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பேத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மையாரின் வாழ்வில் பிற்காலத்தில் நடந்தவற்றைப் பார்க்கும்போது, செங்கோட்டை வழக்கைவிட இந்தச் சின்னச் சம்பவம்தான் நமக்கு முக்கியமாகப் படுகிறது.

மீரத் சதி வழக்குக் காலத்தில் சரோஜினி நாயுடுவின் தங்கை சுகாசினி, கம்யூனிஸ்ட், போலீசுக்குத் தப்பி இந்த வீட்டில் தலைமறைவாகத் தங்கியிருந்தார். பொதுவுடைமை என்ற பேச்சு லட்சுமியின் காதில் முதலில் விழுந்தது அப்போதுதான். ராணி மேரிக் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிரசவ வைத்தியத்தில் மேற்படிப்பும் முடித்தார். திருவல்லிக்கேணியில் நம் ஜனங்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிறார்களே, கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி, அங்கே வேலை பார்த்தார். முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1940-ல் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே அவர் வைத்திய சாலைக்கு வந்தவர்கள் இந்தியாவிலிருந்து பிழைக்கப் போன ஏழைக் கூலிகள். தோட்டத்துப் பெண்களை அவர் அறிந்துகொண்டது மேடையிலிருந்து அல்ல, நாடி பிடித்துத்தான்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அசைக்க முடியாத கோட்டை என்று வெள்ளைக்காரன் பீற்றிக்கொண்ட ஊர். சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களிலிருந்து முதல் இந்திய தேசிய ராணுவம் எழுந்து, கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி வந்து அதற்குப் புத்துயிர் கொடுத்தார். பெண்களுக்கும் ஒரு படை வேண்டும் என்றார். அவருக்கு ராணுவ மரியாதை தருவதற்காக லட்சுமி இருபது பெண்களைத் திரட்டினார். ஆண் சிப்பாய்களிடம் கடன் வாங்கிய கனமான ரைபிளைக் கையில் பிடித்து, புடவை கட்டியபடியே அவர்கள் அணிவகுத்து நின்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 21-ல் அமைந்த சுதந்திர இந்திய சர்க்காரில் லட்சுமி ஒரே பெண் மந்திரி. மறுநாள் 22-ந் தேதி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. படையில் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேர் என்று சொல்வது வழக்கம். ஐந்நூறுக்கு உட்பட்டே இருக்கும் என்று ஆய்ந்து எழுதியவர்களும் உண்டு. ஆயிரமோ ஐந்நூறோ, அந்நாளில் உலகில் எத்தனை நாடுகளில் பெண்களுக்கென்று ஒரு காலாட்படை இருந்தது?

இங்கே ஒரு விஷயத்தைப் பூசி மெழுகாமல் பேசியாக வேண்டும். அந்த முகாம் திறந்த அதே அக்டோபரில்தான் சயாம் - பர்மா ரயில் பாதை போட்டு முடிந்தது. 415 கிலோமீட்டர் நீளம். அதைப் போட்டது யார்? ஜப்பானிய ராணுவம் லாரியில் ஏற்றிக்கொண்டு போன ஆசியக் கூலிகளும் யுத்தக் கைதிகளும். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்துச் செத்து விழுந்தார்கள். குடும்பம் குடும்பமாகத் திரும்பாதவர்கள் உண்டு. தமிழன் எலும்பின் மேல் போட்ட தண்டவாளம் அது.

எந்த ஜப்பானிய ராணுவம் அண்ணனைச் சயாமுக்கு இழுத்துப் போனதோ, அதே ராணுவத்தின் தோழமையில் தங்கை துப்பாக்கி பிடித்தாள். இதுதான் உண்மை நிலை. கம்யூனிஸ்டுகள் அன்று என்ன சொன்னார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். 1941-ல் ஹிட்லர் சோவியத் நாட்டின் மீது பாய்ந்த பிறகு பாசிஸத்தை முறியடிப்பதே முதல் கடமை என்றார்கள். ஜப்பான் படை எந்த நாட்டுக்கும் விடுதலை கொண்டுவராது என்றார்கள். கொரியாவிலும் சீனாவிலும் ஜப்பான் செய்ததைக் கண்டவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? சயாம் பாதையில் மாண்ட தமிழர் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஜப்பானைப் பற்றிச் சொன்னது பொய்யென்று எவரும் கூற முடியாது.

ஆனால் ஜப்பானைப் பற்றிய தீர்ப்பை ரப்பர் தோட்டத்துப் பெண்ணின் தலையில் சுமத்துவது நியாயமல்ல. அவள் டோக்கியோவோடு ஒப்பந்தம் போடவில்லை. அவளுக்குத் தெரிந்த எதிரி தோட்டத்துத் துரை. அவள் கண்ட பட்டாளம் கிள்ளானில் சுட்ட பட்டாளம். அரிசி இல்லை, துணி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் ஆகாரம். முகாமில் சோறு கிடைக்கும் என்று சேர்ந்தவர்கள் இருந்தார்கள். சயாமுக்குப் பிடித்துப் போகாமல் தப்பலாம் என்று சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கிறது, தியாகம் மாசுபட்டுவிடுமாம்! வயிறு நிறைந்தவனுக்கு மட்டும்தான் தேசபக்தி வரவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? சோற்றுக்காக வந்தவள் சுதந்திரத்துக்காக நின்றாள் என்றால் அவள் பெருமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

நேதாஜி எடுத்த வழியைப் பற்றி நமக்கு ஒரு கருத்து, தோழர் லட்சுமிக்கு ஒரு கருத்து. அவர் கடைசி வரை நேதாஜியை மறுத்துப் பேசியவர் அல்ல. கம்யூனிஸ்டாக வாழ்ந்து, கம்யூனிஸ்டாக மறைந்தவரும் அவரே. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. அதைப் பிரித்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைத் தூர எறிய நமக்கு உரிமையில்லை, மற்றவர்களுக்கும் இல்லை.

யுத்தம் முடிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1945 ஏப்ரல் கடைசியில் நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். பெண்கள் படையில் ஒரு பகுதி அவரோடு லாரியும் கால்நடையுமாகப் பாங்காக் போய்ச் சேர்ந்தது. லட்சுமி பர்மாவில் தங்கி, மே மாதம் பிரிட்டிஷார் கையில் சிக்கினார். 1946 மார்ச்சில்தான் அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூர்க் கடற்கரையில் தேசிய ராணுவத்தினருக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை, ஊருக்குள் திரும்பிய வெள்ளைப் பட்டாளம் முதல் காரியமாகத் தகர்த்தது. செத்தவன் பெயரைக் கண்டும் அவ்வளவு பயம்.

இதற்குள் டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சகல், தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. ஒரு முஸ்லிம், ஒரு ஹிந்து, ஒரு சீக்கியர். தேசமே கொந்தளித்தது. கல்கத்தாத் தெருக்களில் ரத்தம் ஓடியது. ஆயுள் தண்டனை விதித்துவிட்டு, நிறைவேற்றத் துணிவில்லாமல் 1946 ஜனவரி 3-ந் தேதி தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்தார். அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள்.

ஆனால் தோழர்களே, அந்த ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. செங்கோட்டை அதிகாரிகள் விடுதலையான ஐந்தாம் நாள், ஜனவரி 8-ந் தேதி, கோவைச் சிறையில் சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். அவர்களுக்காக எந்தப் பெரிய வக்கீலும் கறுப்பு அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு டில்லியிலிருந்து வரவில்லை. அதற்கும் முன்னால், 1943 செப்டம்பர் 10-ந் தேதி, மலாயாவில் பயிற்சி பெற்று நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் இறங்கிய வக்கம் காதரும் அவருடைய தோழர்களும் நமது சென்னை மத்தியச் சிறையில் தூக்கில் தொங்கினார்கள். அந்தச் சிறையை 2009-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் ஒரு பகுதி, லட்சுமி படித்த அதே மருத்துவக் கல்லூரிக்குப் போனது. செங்கோட்டையைத் தெரிந்த அளவுக்கு இந்தச் சிறையை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? தியாகத்திலும் பெரிய இடம், சின்ன இடம் என்று பார்க்கிற உலகம் இது.

சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரனிடம் கடைசி நாள் வரை சம்பளம் வாங்கிய பட்டாளம் அப்படியே சுதந்திர நாட்டின் பட்டாளமாயிற்று. அவனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய தேசிய ராணுவத்தினருக்கு அதில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தியாகிகள் பென்ஷன் என்று ஒரு திட்டம் வந்ததே 1972-ல்தான், சுதந்திரம் வந்து இருபத்தைந்து ஆண்டு கழித்து. அதற்கும் சிறையிலிருந்த சான்று கொண்டு வா, காகிதம் கொண்டு வா என்றார்கள். எழுத்தறியாத பால் வெட்டுக்காரி எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? படையைக் கலைத்தபோது அவள் எங்கே போனாள்? வந்த வழியே லயத்துக்குப் போனாள். மறுபடியும் பெரட்டு, மறுபடியும் வாளி.

படித்தவர்களுக்குப் பின்னாளில் கொஞ்சம் பெயர் கிடைத்தது. லட்சுமிக்கு அடுத்தபடியாகப் படையில் பொறுப்பு வகித்த கோலாலம்பூர் ஜானகி அம்மையாருக்கு 2000-ல் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ கொடுத்தது. நியாயமான மரியாதை, நாமும் மகிழ்கிறோம். ஆனால் படையிலேயே ஒரு கோடு இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அதிகாரிகளானவர்கள் பெரும்பாலும் படித்த குடும்பத்துப் பெண்கள். வரிசையில் நின்றவர்கள் தோட்டத்துப் பெண்கள். புத்தகம் எழுதியவர்களும் பேட்டி கொடுத்தவர்களும் முன்னவர்கள். பின்னவர்கள் படத்தில் இருக்கிறார்கள், படத்தின் அடியில் உள்ள பெயர்ப் பட்டியலில் இல்லை.

அந்த மலாயாவில் யுத்தத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளி சங்கம் கட்டினான், கள்ளுக்கடையை மறித்தான், கூலி கேட்டான். தஞ்சை ஜில்லா தம்பிக்கோட்டையில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரான கணபதியை 1949 மே 4-ந் தேதி வெள்ளைச் சர்க்கார் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டது. இந்தியா விடுதலையாகி அப்போது இரண்டு ஆண்டு நிறையப் போகிறது. லயத்துக்குத் திரும்பிய பெண்ணுக்கு யுத்தம் 1945-ல் முடிந்துவிடவில்லை.

தோழர் லட்சுமிக்கும் முடியவில்லை. 1947 மார்ச்சில் செங்கோட்டை வழக்கின் மூவரில் ஒருவரான பிரேம் குமார் சகலை லாகூரில் மணந்தார். கான்பூரில் குடியேறினார். கான்பூர் என்றால் மில் நகரம், நமது கோவையைப் போல. அங்கே ஒரு சிறிய வைத்திய சாலை. வந்தவர்கள் ஏழைகள், பெரும்பாலும் பெண்கள். பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளுக்கு முதலில் வைத்தியம் செய்தார். காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியவர் அல்ல. மந்திரியாக இருந்தவர், நேதாஜியின் பக்கத்தில் நின்றவர், தேர்தலில் சீட்டுக் கேட்டிருந்தால் எந்தக் கட்சியும் கொடுத்திருக்கும். இருபது ஆண்டுக்கு மேல் அவர் பிரசவம் பார்த்துக் கொண்டிருந்தார்.

1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்தபோது எல்லைப்புற முகாம்களுக்குப் போய் வேலை செய்தார். அந்தச் சமயத்தில்தான் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அப்போது வயது 56. மற்றவர்கள் ஓய்வு பெறுகிற வயதில் இவர் கட்சிச் சீட்டு வாங்கினார்!  அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 1981-ல் நமது சென்னையில் பிறந்தபோது அதைத் தொடங்கி வைத்தவர்களில் முன்னணியில் நின்றார். நாற்பது ஆண்டுக்கு முன்பு கோஷா ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டுப் போன டாக்டரம்மா, இந்தியாவின் ஏழைப் பெண்களுக்கு ஒரு சங்கம் கட்டத் திரும்பி வந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

1984-ஐச் சொல்லாமல் விட முடியாது. இந்திரா காந்தி கொலையுண்ட பிறகு சீக்கியர்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். கான்பூரிலும் கலகக் கும்பல் கிளம்பியது. எழுபது வயது அம்மையார் தெருவில் இறங்கிக் கும்பலின் எதிரே நின்றார். தம் வைத்திய சாலைப் பக்கத்துச் சீக்கியக் குடும்பங்கள் மீது கை வைக்க விடவில்லை. கையில் ரைபிள் இல்லை. பின்னால் பட்டாளம் இல்லை. யுத்தகளத்தில் நின்றாரா என்று கேட்ட பெருங்குடித் தோழர் இந்தத் தெருவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹிந்து, முஸ்லிம், சீக்கியன், கிறிஸ்தவன் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட படையில் அவர் கற்ற பாடம் அங்கே வேலை செய்தது. நேதாஜி படத்தைத் தூக்கிக்கொண்டு மதவெறி பேசுகிற கூட்டம் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாது.

அதே ஆண்டு டிசம்பரில் போபாலில் அமெரிக்கக் கம்பெனியின் விஷவாயு தூங்கிய ஜனங்களைக் கொன்றது. வைத்தியக் குழுவோடு அங்கே போனார். 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி என்ற வியாபாரத்தை எதிர்த்து மறியல் செய்து கைதானார். வயது 82.

2002-ல் இடதுசாரிக் கட்சிகள் அவரை ஜனாதிபதி தேர்தலுக்கு நிறுத்தின. எதிரே நின்றவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். நாட்டின் பெரிய கட்சிகள் எல்லாம் அந்தப் பக்கம். ஓட்டு மதிப்பில் கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. தோற்பதற்கென்றே நின்றாரா என்று கேலி செய்த பத்திரிகைகள் உண்டு. கலாம் மீது நமக்குப் பகை கிடையாது. மத நல்லிணக்கத்தின் பேரால், ஏழையின் பேரால் ஒரு குரல் அந்தத் தேர்தலில் எழ வேண்டும் என்று கட்சிகள் கேட்டன. 87 வயதுக் கிழவி சரி என்றார். ஜெயிக்கிற சண்டைக்கு மட்டும்தான் போவேன் என்கிறவர் 1943-லும் போயிருக்க மாட்டார்.

2006 வரை, 92-ம் வயதிலும், கான்பூர் வைத்திய சாலையில் நோயாளிகளைப் பார்த்தார். 97 வயதில் காலமானபோது உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்தார்கள். அவர் விருப்பம் அது.

இனி நமது பெருங்குடி வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். மற்ற ஊர்க் கிளைகளும் இதைச் செய்யலாம். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பி வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கூலி வேலைக்கென்று சென்னையின் ஓரத்துக்கு வந்து தங்கியவர்களிலும் இருப்பார்கள். படையிலிருந்த பெண்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் மிகச் சிலரே இருக்கக் கூடும். மகள் இருப்பாள், பேரன் இருப்பான். பாட்டி துப்பாக்கி பிடித்தாள் என்று வீட்டில் பேச்சு இருக்கும். பழைய பெட்டியில் ஒரு படம் இருக்கும். போய்க் கேளுங்கள். பெயர், பிறந்த ஊர், தோட்டத்தின் பெயர், எந்த முகாம், திரும்பி வந்து என்ன வேலை செய்தார் என்று ஐந்து வரி போதும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லட்டும், கிளைத் தோழர்கள் எழுதிக்கொள்ளுங்கள். அக்டோபர் 24-ந் தேதிக்குள் காரியாலயத்தில் சேர்த்துவிட்டால் அந்த வார இதழிலேயே அச்சிடுகிறோம். கேப்டன் லட்சுமியின் படத்துக்குக் கீழே முதல் வரியில் அந்தப் பெயர்கள் வரும்.